உங்க ஊர் நடுகல்லை போன் கேமராவுலயே 3டி-யா பதிவு பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏரிக்கரையிலயோ வரப்பு ஓரத்துலயோ வேப்பமரத்தடியிலயோ தனியா ஒரு பலகைக் கல்லு நிக்கறத பார்த்திருப்பீங்க, ஒரு கையில வில்லு, இன்னொரு கையில கத்தி, காலுக்குக் கீழ மாடு இல்லன்னா நாய், மேல ரெண்டு மூணு வரி எழுத்து. அதுதான் நடுகல், சண்டையிலயோ மாடு மீட்கறப்பவோ செத்த வீரனுக்கு நட்ட கல்லு. சில ஊர்ல அதை வேடியப்பன்னு கும்பிடறாங்க, கொங்குப் பக்கம் புலிகுத்திக் கல்லுன்னு சொல்றாங்க, சில ஊர்ல யாருக்கும் எதுவும் தெரியாது, துணி துவைக்கற கல்லா கிடக்கு. இதுல ரொம்பக் கொஞ்சம்தான் மியூசியத்துக்கு போய் சேர்ந்திருக்கு, மீதி எல்லாம் வெயில்லயும் மழையிலயும்தான் நிக்குது. ரோடு அகலப்படுத்தறப்ப, போர்வெல் போடறப்ப, புதையல் இருக்குன்னு யாரோ ராத்திரில வந்து தோண்டறப்ப ஒவ்வொண்ணா போயிட்டே இருக்கு.

இந்தக் கல்லை சாதாரண ஆண்ட்ராய்டு போனை வச்சே அளவு மாறாம, எழுத்து படிக்கற மாதிரி 3டி-யா பதிவு பண்ணலாம். அதுக்கு முதல்லேருந்து கடைசி வரைக்கும் என்ன செய்யணும்னு தொல்லியல் படிக்காத ஆளுக்கும் புரியற மாதிரி எழுதறேன். நடுகல்லை வச்சு சொல்றேன், ஆனா சதிக்கல் (உடன்கட்டை ஏறின பெண்ணுக்கு நட்டது), எல்லைக்கல், தூம்புக் கல்வெட்டு (ஏரி மதகுல இருக்கறது), உடைஞ்ச சிற்பம்னு எல்லாத்துக்கும் இதே முறைதான்.

இதெல்லாம் ஆகற காரியமான்னு கேக்கறவங்களுக்கு பக்கத்துலயே உதாரணம் இருக்கு. பெங்களூர்ல தன்னார்வலர்கள் சில பேர் பழைய கல்வெட்டுப் புத்தகத்துல இருக்கற குறிப்பை வச்சுக்கிட்டு தெருத் தெருவா தேடிப் போனாங்க, பாதிக்கு மேல கல்லு இருந்த இடத்துலயே இல்ல. 2018ல ஹெப்பால்ல கிடைச்ச கிட்டய்யா நடுகல் கி.பி. 8ஆம் நூற்றாண்டு எழுத்து, அவ்வளவு பெரிய சிட்டிக்கு நடுவுல அத்தனை நாள் கவனிக்க ஆளில்லாம கிடந்திருக்கு. இப்ப அங்க மிதிக் சொசைட்டிங்கற வரலாற்று ஆய்வு அமைப்பு ஊர் ஊரா போய் கல்வெட்டை எல்லாம் 3டி ஸ்கேன் பண்ணி எல்லாரும் பார்க்கற மாதிரி போடுறாங்க. அவங்ககிட்ட விலை கூடின ஸ்கேனர் இருக்கு, நம்மகிட்ட போன் இருக்கு, ஒரு கல்லை பதிவு பண்ண அதுவே போதும்.

முதல்ல பேச்சு, அப்புறம்தான் கேமரா

கல்லு கும்பிடற கல்லா இருந்தா பூசாரிகிட்டயோ அந்தக் குடும்பத்துப் பெரியவங்ககிட்டயோ கேக்காம போனை எடுக்காதீங்க. யாரோ வெளியூர் ஆளுங்க வந்து சாமி கல்லை சுத்தி சுத்தி போட்டோ எடுத்தா சிலை கடத்தறவன்னு நினைக்கறது நியாயம்தான், அப்படி நடந்த ஊருங்க நிறைய. உக்காந்து பேசுங்க, எதுக்கு எடுக்கறோம், எங்க போடுவோம், அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு சொல்லுங்க, "ஐயா இந்தக் கல்லு எங்கயாவது போயிட்டாலும் இது உங்க ஊருதுன்னு காட்ட இந்தப் படம் உதவும்"னு சொன்னா பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க. அது வெறும் பேச்சும் இல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடு போய் 2008ல ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் விலைக்கு வாங்கி வச்சிருந்தாங்க, அது 2014ல திரும்பி வந்துச்சு, அது நம்ம ஊர் சிலைதான்னு காட்டினதுல பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்ல எடுத்து வச்சிருந்த பழைய போட்டோவுக்கு பெரிய பங்கு இருக்கு. படம் எடுத்தவங்க சிலை திருடு போகும்னு நினைச்சு எடுக்கல, ஒழுங்கா எடுத்து ஒழுங்கா எண் போட்டு வச்சாங்க, அவ்வளவுதான்.

சட்டம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கற இடம்னா டிரைபாட், லைட் எல்லாம் வைக்க முன்அனுமதி வாங்கணும். கோயிலுக்குள்ள செல்போனுக்கு 2022ல மதுரை ஐகோர்ட் கிளை தடை போட்டிருக்கு, அதனால கோயிலுக்குள்ள இருக்கற கல்வெட்டுக்கு செயல் அலுவலர்கிட்ட எழுதிக் கொடுத்து கேளுங்க. தனியார் நிலம்னா நிலத்துக்காரர். டிரோன் வேணும்னு தோணும், ஒத்தைக் கல்லுக்கு டிரோன் தேவையே இல்ல, விட்டுடுங்க.

ஏற்கனவே யாராவது படிச்சிருக்காங்களா?

போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் இதுக்கு ஒதுக்குங்க. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970கள்லயே செங்கம் வட்டார நடுகற்களை தொகுத்து புத்தகமா போட்டிருக்காங்க, மாவட்ட வாரியா கல்வெட்டுத் தொகுதிகளும் இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல நிறைய ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்காங்க. தஞ்சாவூர்ல இருக்கற தமிழகத் தொல்லியல் கழகம் கொண்டு வர்ற 'ஆவணம்' இதழ்ல வருஷா வருஷம் புதுசா கண்டுபிடிச்ச கல்வெட்டு வரும். உங்க ஊர் பேரு, பக்கத்து ஊர் பேரு, பழைய வட்டத்தோட பேரு எல்லாத்தையும் போட்டு தேடுங்க, ஏன்னா புத்தகம் வந்தப்ப அந்த ஊரு வேற மாவட்டத்துல இருந்திருக்கும்.

ஏற்கனவே பதிவான கல்லுன்னா சோர்ந்து போகாதீங்க, அதுதான் இன்னும் நல்லது. அப்ப எடுத்த வாசகம் கையில இருக்கும், இப்ப எத்தனை எழுத்து மிச்சம் இருக்குன்னு பக்கத்துல வச்சு பார்க்கலாம். எழுத்து தேஞ்சுக்கிட்டே போகுதுன்னா அதுக்கு ஆதாரமே நீங்க எடுக்கற படம்தான்.

பையில என்ன இருக்கணும்

போன், பவர் பேங்க், நல்ல டார்ச் ஒண்ணு, அளவு டேப், நோட்டு பேனா, பெயிண்ட் அடிக்கற மெல்லிசு பிரஷ், ஒரு பாட்டில் தண்ணி, வெள்ளை பெட்ஷீட் இல்லன்னா பெரிய குடை. இதோட அளவுகோல் ஒண்ணு கட்டாயம் வேணும், கறுப்பு வெள்ளை கட்டம் மாறி மாறி வர்ற 10 செ.மீ. அளவுகோலை பிரின்ட் எடுத்து அட்டையில ஒட்டிக்கோங்க, பிரின்ட் பண்ணின பிறகு ஸ்கேல் வச்சு 10 செ.மீ. சரியா இருக்கான்னு பாருங்க, பிரின்டர் பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்கியிருக்கும். அளவுகோல் இல்லாத படத்துல கல்லு ரெண்டு அடியா ஆறு அடியான்னு யாராலயும் சொல்ல முடியாது.

கல்லை தொடறதுக்கு முன்னாடி

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க, ஏன்னா ஆர்வக் கோளாறுல கல்லுக்கு நடக்கற கெடுதல் அதிகம். கம்பி பிரஷ் போட்டு தேய்க்கக் கூடாது, ஆசிட் சோப்பு எதுவும் கூடாது, எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தடவறது, மாவு பூசறது, எழுத்து மேலயே ஸ்கெட்ச் பேனாவால வரையறது இதெல்லாம் செய்யவே செய்யாதீங்க. சாக்பீஸ் போட்டா எழுத்து பளிச்சுன்னு தெரியற மாதிரி இருக்கும், ஆனா தெரியறது நீங்க எதை எழுத்துன்னு நினைச்சீங்களோ அதுதான், கல்லுல இருக்கறது இல்ல, அடுத்து வர்றவங்களும் உங்க சாக்பீஸைத்தான் படிப்பாங்க. மண்ணு, காஞ்ச இலை, சிலந்தி வலை இதை மட்டும் மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க. மஞ்சள் குங்குமம் எண்ணெய் பூசியிருந்தா அது வழிபாடு, அவங்களே துடைச்சு கொடுத்தா சரி, இல்லன்னா இருக்கற மாதிரியே எடுங்க. பாசி படிஞ்சிருந்தா சுரண்டாதீங்க, கல்லோட மேல்தோலும் சேர்ந்து வந்துடும். கல்லை நிமிர்த்தறது, தோண்டி அடிப்பாகம் பார்க்கறது, இது எதுவும் நம்ம வேலை இல்ல. மைப்படி எடுக்கறதும் பயிற்சி உள்ளவங்க செய்ய வேண்டியது, காகிதத்தை நனைச்சு கல்லு மேல அடிச்சு மை ஒத்தற வேலை அது, பொரிஞ்சு போன கல்லு அந்த அடியைத் தாங்காது.

போட்டோவுல இந்தத் தொல்லை எதுவுமே இல்ல, கல்லைத் தொடவே வேண்டாம். எனக்கு இந்த முறை பிடிச்சுப் போனதுக்கு முதல் காரணமே அதுதான்.

போட்டோகிராமெட்ரி: சுத்தி வந்து எடுக்கறது

பேரு பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க. ஒரே கல்லை பல கோணத்துலேருந்து எடுத்த படங்களை கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தா, எல்லா படத்துலயும் பொதுவா தெரியற ஆயிரக்கணக்கான புள்ளிகளை அதுவே கண்டுபிடிக்கும், அந்தப் புள்ளிங்க படத்துக்குப் படம் எவ்வளவு நகருதுங்கறத வச்சு கேமரா எங்க எங்க நின்னுச்சு, கல்லுல எந்த இடம் மேடு எந்த இடம் பள்ளம்னு கணக்கு போட்டுடும். இது புரிஞ்சாலே விதிங்க எல்லாம் தானா புரியும். பக்கத்துப் பக்கத்து படங்களுக்கு நடுவுல பொதுவான பகுதி நிறைய வேணும், 70லேருந்து 80 சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு படியணும். நீங்க ஒரே இடத்துல நின்னு போனை மட்டும் திருப்பக்கூடாது, கால் நகரணும், அப்பதான் ஆழம் கிடைக்கும். கல்லு அசையக்கூடாது, நிழலும் அசையக்கூடாது.

நிழல்தான் பெரிய தலைவலி. உச்சி வெயில்ல எடுத்தா மரத்து நிழல் கல்லு மேல ஆடும், பத்து நிமிஷத்துல நகர்ந்துடும், உங்க நிழலும் விழும், சாஃப்ட்வேர் குழம்பிடும், வந்தாலும் 3டி மாடல் மேல நிழல் அப்படியே பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒட்டிக்கும். அதனால மேகமூட்டமான நாளு, இல்லன்னா விடிஞ்சு வெயில் ஏறதுக்கு முன்னாடி. வேற வழியில்லன்னா ரெண்டு பேர் பெட்ஷீட்டை பிடிச்சு கல்லு முழுக்க நிழல் விழற மாதிரி நிக்கணும், பாதி நிழல் பாதி வெயில் இருக்கவே கூடாது.

போன் செட்டிங்: ஃபிளாஷ் ஆஃப், ஜூம் வேண்டாம், 0.5 அகலக் கோணம் வேண்டாம், போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி, ஃபில்டர் எதுவும் வேண்டாம், 1எக்ஸ் மெயின் கேமரா மட்டும். திரையில கல்லு மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அதை லாக் பண்ணிட்டு எடுங்க, தூரத்தை மாத்தினா மறுபடி லாக் பண்ணுங்க. லென்ஸை துணியால துடைச்சீங்களா?

இப்ப சுத்துங்க. அளவுகோலை கல்லோட அடியில, எழுத்தை மறைக்காம வச்சிடுங்க, கடைசி வரைக்கும் அதை நகர்த்தாதீங்க. முதல் சுத்து இடுப்பு உயரத்துல, கல்லு ஃபிரேம் நிறையற தூரத்துல நின்னு, ஒரு சின்ன அடி வைக்கறது ஒரு படம், இப்படி முழு வட்டம். ரெண்டாவது சுத்து கையைத் தூக்கி மேலேருந்து சாய்ச்சு, கல்லோட தலைப்பாகம் தெரியணும். மூணாவது குத்த வச்சு உக்காந்து கீழேருந்து. அப்புறம் கிட்டக்க போய் முகப்பை வரிசை வரிசையா, இடமிருந்து வலமா ஒரு வரிசை, கொஞ்சம் கீழ இறங்கி அடுத்த வரிசை. தூரத்துலேருந்து ஒரேயடியா கிட்ட தாவக்கூடாது, நடுவுல ரெண்டு மூணு தூரத்துல படம் வேணும், அப்பதான் கிட்ட எடுத்தது எங்க பொருந்துதுன்னு சாஃப்ட்வேருக்கு தெரியும். மார்பளவு கல்லுக்கு 100லேருந்து 150 படம் எடுங்க. கூட எடுத்தா பின்னாடி கழிச்சுக்கலாம், குறைஞ்சா மறுபடி அந்த ஊருக்கு போகணும்.

பின்பக்கம் மொட்டையா இருக்குன்னு விட்டுடாதீங்க, பக்கவாட்டையும் விடாதீங்க. உருவத்துக்கு பக்கத்துல தனியா ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, கருந்தேவகத்திங்கற வீரனுக்கு எடுத்த கல்லு, அதுலயே அவன் கூட நின்ன கோவிவன்ங்கற நாய் கள்ளனைக் கடிச்சதையும் தனியா வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ராஜாக்கள் பேரே எத்தனையோ மறைஞ்சு போச்சு, ஒரு நாயோட பேரு நமக்கு கிடைச்சிருக்கு! விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்துல சண்டைச் சேவலுக்கே நடுகல் இருக்கு. உருவமே இல்லாத கல்லையும் ஒதுக்காதீங்க, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச கல்லுங்கள்ல சிற்பம் கிடையாது, வெறும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துதான், பார்க்க சாதாரண பலகைக் கல்லு மாதிரிதான் இருக்கும், நடுகல்லுலயே ரொம்பப் பழசுன்னா அதுங்கதான்.

எழுத்து மங்கலா இருந்தா: ராத்திரி டார்ச்

பகல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியற கல்லு ராத்திரில பேசும். இருட்டினதும் டார்ச்சை கல்லோட பரப்புக்கு கிட்டத்தட்ட இணையா, பக்கவாட்டுலேருந்து தாழ்வா அடிங்க, சின்ன வெட்டுக்குள்ளயும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிக்கும். கல்வெட்டு படிக்கறவங்க பகல்லயே முகம் பார்க்கற கண்ணாடி வச்சு வெயிலைத் திருப்பி சாய்வா விழ வைப்பாங்க, அதே வித்தைதான். படம் எடுக்கறப்ப போன் டிரைபாட்ல அசையாம நிக்கணும், இதுக்கு மட்டும் டிரைபாட் கட்டாயம், செங்கல் அடுக்கி வச்சாலும் சரி, டைமர் போட்டு எடுங்க. டார்ச்சை மேல, கீழ, இடம், வலம், நாலு மூலைன்னு எட்டு பக்கத்துலேருந்தும் அடிச்சு எட்டு படம். ஒரு பக்கத்துலேருந்து மட்டும் அடிச்சா அந்தத் திசையிலயே ஓடற கோடு தெரியாம போயிடும், படுக்கைக் கோடு தெரியலன்னா எழுத்தே வேற எழுத்தா மாறிடும்.

இதையே இன்னும் முறையா செஞ்சா அதுக்கு ஆர்டிஐன்னு பேரு, தகவல் உரிமை மனு இல்ல, இது வெளிச்சத்தை மாத்தி மாத்தி எடுத்து ஒண்ணா சேர்க்கற முறை. எச்பி ஆய்வகத்துல 2001 வாக்குல உருவாக்கினது, கிரேக்கத்துல கடலுக்கடியிலேருந்து எடுத்த ஆன்டிகித்தெரா இயந்திரத்து (ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வானியல் கணக்குக் கருவி) எழுத்தை 2005ல இப்படித்தான் இன்னும் தெளிவா படிச்சாங்க. கல்லு பக்கத்துல பளபளன்னு ஒரு கறுப்பு கோலிக்குண்டு வைக்கணும், அதுல விழற வெளிச்சப் புள்ளிய வச்சு லைட் எந்தத் திசையிலேருந்து வந்துச்சுன்னு சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும். ஒரு கயிறு கட்டி டார்ச் எப்பவும் ஒரே தூரத்துல இருக்கற மாதிரி பார்த்துக்கிட்டு 40, 50 திசையிலேருந்து எடுக்கணும். அப்புறம் ரீலைட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல போட்டா, வீட்டுல உக்காந்து மவுஸை நகர்த்தினாலே வெளிச்சம் நகரும், கல்லை கையில வச்சு திருப்பிப் பார்க்கற மாதிரி இருக்கும். முதல் தடவையே இதுக்கு போக வேண்டாம், எட்டு டார்ச் படம் கைவந்ததுக்கு அப்புறம் பாருங்க.

ராத்திரி போறப்ப தனியா போகாதீங்க, ஊர்க்காரங்க ஒருத்தரை கூட்டிக்கோங்க, பாம்பு பூச்சி பார்த்து.

நோட்டுல எழுத வேண்டியது

அழகான 3டி மாடல் இருந்தும் அது எந்த ஊர்க் கல்லுன்னு தெரியலன்னா ஆராய்ச்சிக்கு பாதி உபயோகம்தான். ஊர், வட்டம், மாவட்டம், சர்வே எண் தெரிஞ்சா அதுவும், போன் காட்டற ஜிபிஎஸ் எண் (சில மீட்டர் தள்ளித்தான் காட்டும், அதனால 'மாரியம்மன் கோயிலுக்கு வடக்க, கிணத்து மேட்டுல'ன்னும் எழுதுங்க), கல்லு எந்தத் திசை பார்த்து நிக்குது, மண்ணுக்கு மேல உயரம் அகலம் தடிமன், என்ன கல்லு, எங்க உடைஞ்சிருக்கு, பக்கத்துல வேற கல்லு இருக்கா, இருந்த இடமே இதுவா இல்ல வேற எங்கேருந்தாவது கொண்டு வந்து நட்டதா. உருவத்துல என்ன ஆயுதம், கொண்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, அம்பு உடம்புல தைச்சிருக்கான்னு பார்த்தது பார்த்தபடி எழுதுங்க, விளக்கம் பின்னாடி பார்த்துக்கலாம்.

அதோட ஊர்ல இந்தக் கல்லைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. என்ன பேரு சொல்லி கூப்பிடறாங்க, எந்த மாசம் பொங்கல் வைக்கறாங்க, யாரு குடும்பத்துக்கு குலசாமி, என்ன கதை. கேட்டுட்டு, அனுமதியோட போன்லயே ரெக்கார்ட் பண்ணுங்க. கல்வெட்டுல இருக்கறதும் ஊர்க் கதையும் ஒத்து வராது, பரவாயில்ல, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, ஒண்ணை வச்சு இன்னொண்ணை திருத்தாதீங்க. கல்லாவது இன்னும் நூறு வருஷம் நிக்கலாம், எண்பது வயசு பாட்டிக்கு தெரிஞ்ச கதைக்கு அந்த அவகாசம் கிடையாது. நேரம் இருக்கறது ஒண்ணுக்குத்தான்னா நான் பாட்டிகிட்டதான் முதல்ல உக்காருவேன்.

வீட்டுக்கு வந்ததும்

அன்னிக்கு ராத்திரியே படத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு ஊர், தேதி, கல்லு எண் வர்ற மாதிரி ஃபோல்டர் பேரு வைங்க. வாட்ஸ்அப்புல அனுப்பி இறக்காதீங்க, படம் சுருங்கிடும், உள்ள இருக்கற தேதி, இடம், லென்ஸ் விவரம் எல்லாம் போயிடும், கேபிள் போட்டு எடுங்க. ஒரிஜினல் படத்தை எடிட் பண்ணாதீங்க. மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற இடத்துல, கிளவுடா இருந்தாலும் சரி நண்பர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கா இருந்தாலும் சரி.

ஒரிஜினல் படத்தை ஏன் இவ்வளவு பத்திரமா வைக்கச் சொல்றேன்னா, 3டி மாடலை பின்னாடி நல்ல சாஃப்ட்வேர் வந்தா மறுபடி செஞ்சுக்கலாம், படம் இல்லன்னா எதுவும் செய்ய முடியாது. 2001ல ஆப்கானிஸ்தான்ல பாமியான் புத்தர் சிலைகளை வெடி வச்சு தகர்த்த பிறகு, 1970ல அளவெடுக்கறதுக்காக எடுத்து வச்சிருந்த படங்களை வச்சு சூரிச்ல இருக்கற ஆய்வாளர்கள் பெரிய புத்தரை கம்ப்யூட்டர்ல திரும்ப உருவாக்கினாங்க. எடுத்தப்ப இந்த சாஃப்ட்வேரெல்லாம் கிடையாது.

செயலிங்க பத்தி: போன்லயே முடிக்கணும்னா ஸ்கேனிவர்ஸ், பாலிகேம், கிரி எஞ்சின்னு இருக்கு, முதல் முயற்சிக்கு நல்லது, ஒரே மணி நேரத்துல கல்லு திரையில சுத்தும், ஊர்ப் பசங்ககிட்ட அங்கயே காட்டலாம். ஆனா எழுத்து படிக்கற அளவு நுணுக்கம் வேணும்னா கம்ப்யூட்டர்தான். மெஷ்ரூம் முழுக்க இலவசம், படத்தை இழுத்துப் போட்டு ஸ்டார்ட் அமுக்கினா போதும், என்விடியா கார்டு உள்ள மெஷினா இருக்கணும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. ரியாலிட்டிஸ்கேன் (முன்னாடி ரியாலிட்டிகேப்சர்) வேகமா வேலை செய்யும், தனி ஆளுங்களுக்கு இலவசம். மெட்டாஷேப்னா காசு கொடுத்து வாங்கணும். ஐபோன் புரோவுல லைடார் (லேசர் வச்சு தூரம் அளக்கற சென்சார்) இருக்கேன்னு கேப்பீங்க, அது அறையளவு எடுக்க நல்லது, ஒரு மில்லிமீட்டர் ஆழ வெட்டை அது பார்க்காது. இப்ப காஸியன் ஸ்பிளாட்டுன்னு ஒண்ணு ரொம்ப பேசறாங்க, படங்களை வச்சு லட்சக்கணக்கான மங்கலான வண்ணத் திட்டுகளா காட்சியை உருவாக்கற முறை, பார்க்க அசல் மாதிரியே இருக்கும், சுத்துப்புறத்தோட காட்ட எனக்கும் பிடிக்கும், ஆனா அதுல அளவெடுக்கற திடமான பரப்பு கிடையாது, கல்வெட்டுக்கு அது மட்டும் போதாது.

மாடல் வந்ததும் அளவுகோல்ல 10 செ.மீ. எங்க இருக்குன்னு ரெண்டு புள்ளி வச்சு சொல்லிக் கொடுங்க, அப்பதான் அளவு சரியாகும், டேப்புல எடுத்த உயரத்தோட ஒத்துப் பாருங்க. அப்புறம் மெஷ்லேப்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல திறந்து வண்ணத்தை ஆஃப் பண்ணுங்க. குங்குமம், பாசி, கறை எல்லாம் போய் வெறும் கல்லோட வடிவம் மட்டும் சாம்பல் நிறத்துல நிக்கும், அதுல ரேடியன்ஸ் ஸ்கேலிங்ங்கற ஷேடரை (வெளிச்சம் நிழல் காட்டற முறை) போட்டீங்கன்னா மேடு பள்ளம் இன்னும் எடுப்பா தெரியும், கண்ணால பார்த்தப்ப இல்லாத எழுத்து எழும்பி வரும். அதை முதல் தடவை பார்க்கறப்ப வர்ற சந்தோஷத்துக்கு எதையும் கொடுக்கலாம்.

ஆனா உடனே படிச்சுட்டேன்னு அறிவிக்காதீங்க. பல நடுகல்லுல இருக்கற பழைய எழுத்து முறையான வட்டெழுத்தைப் படிக்க பழக்கம் வேணும், ஒரு சுழி மாறினா ஆள் பேரே மாறும். ஏஐ சாட்ல படத்தைப் போட்டு வாசகம் கேக்காதீங்க, தேஞ்ச இடத்துல இல்லாத எழுத்தை இருக்கற மாதிரியே நம்பிக்கையா சொல்லும். படத்தை ஏஐ வச்சு கூர்மையாக்கறதும் அதே தப்புதான். மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் துறை அலுவலகம், பக்கத்து காலேஜ் வரலாற்றுத் துறை இவங்ககிட்ட கொண்டு போங்க, மாடலோட, டார்ச் படங்களோட போனா உக்கார வச்சு படிச்சு சொல்றவங்க இருக்காங்க.

எங்க போடறது, எதைப் போடக்கூடாது

படங்களுக்கு விக்கிப்பீடியாவோட படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ்தான் என் முதல் தேர்வு, இலவசம், விளம்பரம் கிடையாது, யார் வேணா கட்டுரையில எடுத்து போடலாம். சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்துல போட்டா உங்க பேரைச் சொல்லி யாரும் பயன்படுத்திக்கலாம். தமிழ்லயே விவரம் எழுதுங்க, நோட்டுல எழுதினது எல்லாம் அங்க வரட்டும். 3டி மாடலை ஸ்கெட்ச்ஃபேப்ல போடலாம், ஆனா ஒரு கம்பெனி தளத்தை மட்டும் நம்பாதீங்க, இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும் ஒரு காப்பி, மூலப் படங்களோட சேர்த்து ஜிப்பா. இலங்கையில இருக்கறவங்களுக்கு நூலகம் நிறுவனம் இருக்கு, யாழ்ப்பாண நூலகம் 1981ல எரிஞ்சு போனதோட வலி தெரிஞ்சவங்க 2005லேருந்து நடத்தற எண்ணிம நூலகம், ஆவணம், படம், குரல் பதிவுன்னு எல்லாத்தையும் சேர்த்து வைக்கறாங்க.

இடத்தை எவ்வளவு துல்லியமா வெளியில சொல்றதுன்னு யோசிங்க. ஊர் நடுவுல, கும்பிடற கல்லுன்னா சொல்லலாம், ஊரே காவல். காட்டுக்குள்ள ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல தனியா நிக்கற கல்லு, பெயர்த்து எடுத்துட்டு போற அளவு சின்ன சிற்பம், இதுக்கெல்லாம் ஊர்ப் பேரோட நிறுத்திக்கோங்க, துல்லியமான ஜிபிஎஸ்ஸை தொல்லியல் துறைக்கு மட்டும் கொடுங்க. போன் படத்துக்குள்ளயே இடம் பதிஞ்சிருக்கும், அப்லோட் பண்ற காப்பியில அதை எடுத்துடுங்க. "புதையல் இருக்கும் ரகசியக் கல்"னு தலைப்பு வச்சு வீடியோ போடறவங்களுக்கு கைகூப்பி சொல்றேன், வேண்டாம், அந்த வீடியோ பார்த்துட்டு கடப்பாரையோட வர்றவன் இருக்கான்.

புதுசா ஏதாவது மண்ணுக்குள்ளேருந்து கிடைச்சா, சிலையோ காசோ பானையோ, எடுத்துட்டு வீட்டுக்கு வராதீங்க. 1878ல வந்த புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு, கலெக்டருக்கு தகவல் சொல்லணும், நடைமுறையில கிராம நிர்வாக அலுவலர்கிட்டயோ தாசில்தார்கிட்டயோ எழுத்துல கொடுத்து கையெழுத்து வாங்கிக்கோங்க. எடுத்துட்டா அது கிடந்த மண் அடுக்கும் பக்கத்துல என்ன இருந்துச்சுங்கறதும் போயிடும், கீழடியில குழி குழியா அளந்து அளந்து எடுக்கறது அதுக்காகத்தான்.

ஊருக்கு திரும்பக் கொடுக்கறத மறக்காதீங்க. கல்லுல என்ன எழுதியிருக்குன்னு நாலு வரி தமிழ்ல, ஒரு நல்ல டார்ச் படம், மாடலுக்கு ஒரு கியூஆர் கோடு, ஏ4 லேமினேட் பண்ணி கோயில் வாசல்லயோ பள்ளிக்கூடத்துலயோ ஒட்டக் கொடுங்க. தன் ஊர் கல்லுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மாடு மீட்டு செத்தவனோட பேரு இருக்குன்னு தெரிஞ்ச பசங்க அந்தக் கல்லு மேல ஜேசிபி ஏற விடமாட்டாங்க.

அடுத்த வருஷம் மழை முடிஞ்சதும் ஒரு தடவை போய் அதே மாதிரி மூணு சுத்து எடுத்துட்டு வாங்க. பழைய மாடலையும் புது மாடலையும் கிளவுட்கம்பேர்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எந்த இடத்துல கல்லு உதிர்ந்திருக்குன்னு வண்ணத்துல காட்டும். உதிர்வு அதிகமா இருந்தா அந்தப் படத்தையும் ரெண்டு மாடலையும் சேர்த்து மாவட்ட தொல்லியல் அலுவலருக்கு மனு எழுதுங்க, மேல கூரை போடணும்னோ பாதுகாப்பான இடத்துக்கு மாத்தணும்னோ தேதியோட அளவோட கேக்கலாம்.